வடிச்ச காது

(கலை இலக்கியக் கூட்டமொன்றில் 'உடலும் அழகும்' அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



'உடலும் அழகும்' என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். உடலை வளைத்து, இழுத்து, துளைத்து, கட்டி அழகு பண்ணிக்கொண்ட சமூகங்களைப் பற்றிப் பேச விசயம் நிறையவே இருக்கிறது. சீனாவில் பொம்பளப் பிள்ளைகளுக்கு அஞ்சாறு வயசிலேயே கால்விரலை மடக்கித் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். பர்மாவில் கயான் பெண்கள் கழுத்தில் பித்தளை வளையம் சுற்றிக்கொண்டார்கள். எத்தியோப்பியாவில் முர்சிப் பெண்கள் கீழுதட்டைத் துளைத்துத் தட்டு வைக்கிறார்கள். இந்தப் படங்களைப் பார்த்ததும் நம்ம ஆட்கள் 'ஐயோ, இப்படியுமா' என்கிறார்கள். அந்த 'ஐயோ'வைக் கேட்டால் எனக்குச் சங்கடமாக இருக்கும். ஏன்னா எங்க அப்பத்தாவுக்கு காது தோளைத் தொடும். அதனால் நான் தூரதேசம் எதற்கும் போகவில்லை. காதை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

நான் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தர். கவிதை எழுதுகிறவன் என்று தலைவர் அறிமுகப்படுத்தினார். அது சம்பளம் இல்லாத வேலை. எங்கள் பக்கம், ராமநாதபுரம் சிவகங்கை வட்டாரத்தில், வங்கி என்றாலே நகைக்கடன்தான். மழை பொய்த்தால் கூட்டம் கூடும், பள்ளிக்கூடம் திறந்தால் கூட்டம் கூடும். நகைக்கடன் மேசையில் என் பக்கத்தில் ஆசாரி உட்கார்ந்திருப்பார். அவர்தான் நகையை உரைத்துப் பார்த்து மதிப்புச் சொல்கிறவர்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஓர் அம்மா வந்தார்கள். எழுபத்தஞ்சு வயசுக்கு மேலே இருக்கும். பேரனுக்கு காலேஜ் பணம் கட்டணும் என்றார்கள். மேசை முன்னாலேயே நின்று ரெண்டு காதிலிருந்தும் பாம்படத்தைக் கழற்றினார்கள். இப்போதெல்லாம் பாம்படம் வருவது அபூர்வம். வந்தாலும் ஆசாரி முகம் சுளிப்பார். அது கட்டித் தங்கம் இல்லை. மேலே தங்கத் தகடு, உள்ளே அரக்கு. அரக்குக்கு எவ்வளவு கழிப்பது என்று அவருக்கும் நகைக்காரருக்கும் வாக்குவாதம் வரும்.

ஆசாரி உரைகல்லில் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அந்தம்மா என்னைக் கேட்டார்கள். "தம்பிக்கு எந்த ஊரு?"

ஊரைச் சொன்னேன்.

"அந்த ஊர்ல யாரு வீடு?"

இந்த ரெண்டாவது கேள்வி இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். முதல் கேள்வி ஊரைக் கேட்கும், ரெண்டாவது கேள்வி தெருவைக் கேட்கும். நான் சொன்னேன், "ஊருக்குள்ள இல்லம்மா. கீழத்தெரு, கம்மாய்க்குக் கீழ."

அவர்கள் ஒண்ணும் தப்பாகப் பேசவில்லை. ஆசாரி பக்கம் திரும்பி, "நீங்களே அதைக் கவர்ல போட்டுருங்களேன்" என்றார்கள், அவ்வளவுதான். விதிப்படி நான்தான் எடையைச் சரிபார்த்து, கவரில் போட்டு, ஒட்டிக் கையெழுத்து வைக்கணும். வைத்தேன். பாம்படம் என் உள்ளங்கையில் இருந்தது ஒரு நிமிசம்கூட இருக்காது. இன்னும் சூடாக இருந்தது.

அப்புறம் நிமிர்ந்து அந்தக் காதைப் பார்த்தேன். நகை கழன்ற காது. சுருக்கம் விழுந்து, வெறும் தோல் வளையமாக, தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியே எங்க அப்பத்தா காது. பாம்படத்தைக் கழற்றிவிட்டால் ஊர்க்காதும் சேரிக்காதும் ஒண்ணுதான்.

அப்பத்தா 2011இல் செத்துப்போனது. எண்பது வயசு இருக்கலாம் என்பது எங்கள் கணக்கு. காது வடிச்ச கதையை அது எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறது. சின்னப் பிள்ளையிலேயே காதுச்சோணையைக் கீறிவிட குறவர் வீட்டு அம்மா ஒருத்தர் வருவார்களாம். கையில் பச்சை குத்திவிட்டதும் அவர்கள்தான். கீறின ஓட்டையில் முதலில் எண்ணெயில் தோய்த்த பஞ்சு. புண் கொஞ்சம் ஆறினதும் பெரிய பஞ்சு. அப்புறம் நெட்டி. அப்புறம் பனையோலையைச் சுருட்டிச் செருகுவது. ஓலைச்சுருள் விரியப் பார்க்கும், ஓட்டையும் விரியும். கடைசியாக குணுக்கு. ஈயத்தில் வார்த்த வளையம், ஒன்றுக்கு மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டே போவார்கள். எடை இழுக்க இழுக்க காது இறங்கும். ஒருக்களித்துப் படுக்க முடியாது. தலையை ஆட்டி விளையாட முடியாது. "காதுல சீழு வடிஞ்சுச்சுடா, அப்பறந்தான் காது வடிஞ்சுச்சு" என்று சொல்லிச் சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வராது.

"எதுக்கு அப்பத்தா இவ்வளவு பாடு?"

"வடிக்கலைன்னா மூளிக்காதின்னு சொல்லிருவாகடா. எவன் கட்டுவான்?"

கேட்டீர்களா. நீட்டாத காது மூளி. முழுசாக இருக்கிற காதுக்கு ஊனம் என்று பேர். தென்மாவட்டங்களில் அன்றைக்கு இது ஒரு சாதிக்கான வழக்கம் இல்லை. நிலக்காரி, கூலிக்காரி எல்லாரும் வடித்தார்கள். அழகு எல்லாருக்கும் பொதுவாகத்தான் இருந்திருக்கிறது. அந்த அழகுக்குள் போடுகிற பொருள்தான் பொது இல்லை.

அப்பத்தா என்ன போட்டது? ஓலைதான். மழைக்காலத்தில் ஊறிப் பெருக்குமாம், வெயிலில் சுருங்கிக் கீழே விழுந்துவிடுமாம். கீழத்தெரு முழுக்க ஒரே ஒரு ஜோடி பித்தளைத் தண்டட்டி இருந்ததாம். யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் அது இரவல் போகும். மூணு நாள் காதில் கிடக்கும், நாலாம் நாள் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். எங்க அப்பத்தா, அதன் நாத்தனார், கொழுந்தன் பொண்டாட்டி எல்லாரும் கல்யாணத்தன்றைக்கு ஒரே தண்டட்டியைப் போட்டவர்கள்.

வறுமையால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காலேஜில் படிக்கும்போதுதான் ஹட்டன் எழுதிய புத்தகம் கையில் கிடைத்தது. ஹட்டன் 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர். இந்தியாவில் சாதி பற்றி 1946இல் புத்தகம் போட்டார். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதிக் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்ததை அதில் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. சட்டை போடக்கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. மண்சட்டி தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது. பூ, மஞ்சள் கூடாது. குடை, செருப்பு கூடாது. மீறின இடங்களில் குடிசைகளைக் கொளுத்தியதையும், தானியத்தை அழித்ததையும், ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு போனதையும் அவர் எழுதியிருக்கிறார். மறு வருசம், 1931 ஜூனில், தடை எட்டிலிருந்து பதினொன்றாக ஏறியது.

அப்பத்தா பிறந்த காலம் அதுதான். அதன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்த அதே வருசங்களில்தான் இந்தப் பட்டியல் அமலில் இருந்திருக்கிறது.

இந்தப் பட்டியலை நம் தோழர்கள் மேடையில் பலமுறை வாசித்திருக்கிறார்கள். நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அப்பத்தா காதை வைத்துக்கொண்டு வாசிக்கும்போது ஒரு விசயம் உறைத்தது. எட்டிலும் தேடிப் பாருங்கள், காது வடிக்கக்கூடாது என்று அதில் இல்லை. கீறிக்கோ, சீழ் பிடிக்கட்டும், ஈயத்தைத் தொங்கவிட்டுக்கோ, யாரும் கேட்க மாட்டார்கள். வலிக்குத் தடை இல்லை தோழர்களே. காது தயாரானதுக்கு அப்புறம் அதில் போட வேண்டியதுக்குத்தான் தடை.

இது தெற்கத்திச் சங்கதி மட்டும் இல்லை. 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் இந்தூர்ப் பக்கத்து பலாய் மக்களுக்கு 1928இல் விதிக்கப்பட்ட கட்டளைகளை எடுத்து வைக்கிறார். அதிலும் பெண்கள் பொன், வெள்ளி நகை போடக்கூடாது என்று இருக்கிறது. ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் வேற பாசை பேசுகிற ஆதிக்க சாதிக்காரனுக்கும் நம்ம பொம்பளைங்க காது மேலேதான் கண்ணு.

அடுத்த தலைமுறைக்கு வருகிறேன். எங்க அத்தை, அப்பாவின் அக்கா. 1950 வாக்கில் பிறந்தது. அதுக்கும் பிள்ளையிலேயே காது வடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். முக்கால்வாசி இறங்கின காதோடு டவுனில் விடுதியில் சேர்ந்து படிக்கப் போனது. அங்கே கூடப்படித்த பிள்ளைகள் "பாம்படக் கிழவி" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு வருசம் அழுதுவிட்டு லீவில் வந்து, காதை வெட்டித் தைச்சாத்தான் திரும்பப் போவேன் என்று உட்கார்ந்துகொண்டது. தெற்கே ஆஸ்பத்திரிகளில் வடிச்ச காதை வெட்டித் தைக்கிற வேலை அதுக்கும் ரொம்ப காலம் முன்னாலிருந்தே நடந்து வந்ததுதான். அப்பத்தா ரெண்டு ஆட்டை வித்துக் கூட்டிக்கொண்டு போனது. தொங்கின சதையை அறுத்து எடுத்து, ரெண்டு முனையையும் சேர்த்துத் தைத்து அனுப்பினார்கள்.

வடிக்காதவள் மூளி என்று சொன்ன அதே ஊரில், இருபது வருசத்துக்குள், வடிச்சவள் பட்டிக்காடு. வசதியான வீட்டுப் பெண்கள் பாம்படத்தை அழித்துத் தோடாகவும் சங்கிலியாகவும் மாற்றிக்கொண்டார்கள். ஆசாரியிடம் கொடுத்தால் உருக்கித் தருவார், தங்கம் தங்கமாகவே இருக்கும். நம் வீட்டில் உருக்க என்ன இருந்தது? காதுதான் இருந்தது. அதை அறுத்தோம். பொன் போடக்கூடாது என்று சொல்ல ஆளில்லாமல் போய், அப்பா சம்பாத்தியத்தில் முதல் குண்டுமணி தங்கம் வீட்டுக்குள் வந்தபோது, அழகு வேற வண்டியில் ஏறிப் போய்விட்டது. அப்பா ஒருமுறை அப்பத்தாவுக்குப் பாம்படம் செய்து போட ஆசைப்பட்டார். "இனிமே எதுக்குடா, கழுத்தறுக்கவா?" என்றது அது. பாம்படத்துக்காகக் கிழவிகள் காதை அறுத்துக்கொண்டு போகிற திருட்டு நடந்துகொண்டிருந்த காலம். கடைசிவரை ஒண்ணும் போடவில்லை.

இங்கே ஒரு வெள்ளைக்காரரைப் பற்றியும் சொல்லணும். எட்கர் தர்ஸ்டன், 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். 1906இல் அவர் வெளியிட்ட இனவரைவியல் குறிப்புகளில் உருக்குலைவு, உறுப்புச் சிதைவு பற்றி ஒரு அத்தியாயமே இருக்கிறது. காது வடிப்பது அதில் வருகிறது. அதே வருசங்களில் இங்கிலாந்துச் சீமாட்டிகள் இரும்புப் பட்டையும் திமிங்கிலத் தாடையும் வைத்த கச்சையால் இடுப்பை நெரித்துக்கொண்டிருந்தார்கள். அதுக்குப் பேர் நாகரிகம். தர்ஸ்டன் இன்னொரு வேலையும் செய்தார். அளவுகோலை வைத்துக்கொண்டு சாதி சாதியாக மூக்கை அளந்தார். மூக்கு அகலமாக ஆக சாதி தாழும் என்று ரிஸ்லி சொல்லிக்கொண்டிருந்த காலம். 1948இல் அம்பேத்கர், தீண்டப்படாதோர் பற்றிய நூலில், இவர்கள் அளந்த அளவைகளையே எடுத்துப் போட்டு, பார்ப்பனர் மூக்கும் தீண்டப்படாதவர் மூக்கும் வேறு இனத்து மூக்கு இல்லை என்று காட்டிவிட்டார். ஆனாலும் பெண் பார்க்கப் போகிற இடத்தில் நம் ஆட்கள் இன்னும் மூக்கை அளந்துகொண்டுதான் இருக்கிறார்கள், கண்ணால்.

அதே எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாகப்பட்டினத்திலிருந்து வந்த புத்தர் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. தேர்வு எழுதச் சென்னை வந்தபோது போய் நின்று பார்த்தேன். காதைப் பாருங்கள் அடுத்த முறை போனால். நீளமான, வெறும் காது. அரசகுமாரனாக இருந்தபோது கனத்த குண்டலம் போட்டு இழுபட்ட காது, எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு வெளியேறினதுக்கு அடையாளமாக அப்படியே தொங்குகிறது என்பார்கள். எனக்கு அப்பத்தா முகம் தெரிந்தது. கண்ணாடிப் பெட்டி முன்னால் அழுதுகொண்டு நின்றவனைக் காவலாளி ஒருமாதிரி பார்த்தார். கூடவே கோபமும் வந்தது, மறைக்க மாட்டேன். அவர் கழற்றினார். அப்பத்தாவுக்குக் கழற்ற எதுவும் கொடுக்கப்படவில்லை.

அம்பேத்கர் இதை எப்படிப் பார்த்தார்? 1927 டிசம்பரில் மகாடில், மனுஸ்மிருதியை எரித்த அந்த மாநாட்டையொட்டி, பெண்களிடம் தனியாகப் பேசினார். சேலையை உயர்சாதிப் பெண்கள் மாதிரிக் கட்டுங்கள் என்றார். கழுத்து நிறைய மாலையும், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் மலிவு உலோகக் காப்பும் போட்டுக்கொள்வது தீண்டப்படாதவள் என்று காட்டிக்கொடுக்கிற அடையாளம், கழற்றுங்கள், போட்டால் தங்கம் போடுங்கள், இல்லாவிட்டால் சும்மா இருங்கள் என்றார். பெண்கள் உடனே சேலைக்கட்டை மாற்றிக்கொண்டார்கள். இதைச் சில அறிவாளித் தோழர்கள் மேல்நிலையாக்கம், பிறரைப் போலச் செய்தல் என்று விமர்சிக்கிறார்கள். நான் ஒப்பவில்லை. தெருவில் நடக்கிற பெண்ணை அரை மைல் தூரத்திலேயே இன்னாள் என்று கண்டுபிடிக்க வசதியாக அவள் உடம்பில் மாட்டி வைத்த பலகை அது. பலகையைக் கழற்றச் சொன்னவரிடம் போய்ப் பண்பாடு பேசக்கூடாது.

அதே மாதிரி, இப்போது பாம்படக் கிழவி படத்தைக் காலண்டரில் போட்டு 'தமிழச்சி' என்று எழுதுகிறார்களே, அதையும் நான் ஒப்பவில்லை. அந்தப் படத்தில் எப்போதும் காது நிறைய தங்கம் இருக்கும். ஓலை செருகின காதை எவன் படம் எடுத்தான்? மீட்டெடுப்போம் என்று நம்ம மேடையிலும் ஒருவர் பேசினார். எதை மீட்பது? அஞ்சு வயசுப் பிள்ளை காதில் சீழையா?

சரி, நான் யோக்கியனா என்று கேட்பீர்கள். கேட்கணும்.

மால்கம் எக்ஸ் தன் வரலாற்றில், இளவயதில் தலைமுடியை நேராக்கிக்கொண்டதை எழுதியிருக்கிறார். காரமும் முட்டையும் உருளைக்கிழங்கும் கலந்த களிம்பைத் தலையில் பூசி, மண்டைத்தோல் எரிய எரிய, வெள்ளைக்காரன் முடி மாதிரி வரும் வரைக்கும் பொறுத்துக்கொள்வது. கண்ணாடியில் பார்த்துப் பெருமைப்பட்டதையும், தன்னைத்தானே இழிவு செய்துகொண்ட முதல் பெரிய படி அது என்று பின்னால் உணர்ந்ததையும் அவர் ஒளிக்கவில்லை. அதைப் படித்தபோது எனக்குக் கன்னம் எரிந்தது. உவமைக்குச் சொல்லவில்லை.

2007. நான் காலேஜ் இரண்டாம் வருசம். சிவப்பாக்கும் களிம்பு 1975இலேயே இந்தியாவில் கடைக்கு வந்துவிட்டது. 2005இல் ஆம்பளைக்கென்றே தனியாக ஒன்று வந்தது. அதை வாங்கினேன், சரிப்படவில்லை. விடுதிப் பையன் ஒருவன் சொன்னான் என்று மருந்துக்கடையில் வேறு ஒரு களிம்பு வாங்கிப் பூசினேன். ஸ்டீராய்டு கலந்தது என்று அப்போது தெரியாது. ஒரு மாசம் வெளுத்தது. ஊரே பார்த்தது போல இருந்தது. அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, வெயில் பட்டால் மிளகாய் அரைத்து அப்பின மாதிரி எரிச்சல். நிறுத்தினால் பருப்பருவாகக் கிளம்பும். லீவுக்கு முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன்.

அப்பத்தா துண்டை விலக்கிப் பார்த்தது. ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் தன் காதை ரெண்டு விரலால் பிடித்து ஆட்டிக் காட்டி, "எனக்கு எங்க ஆத்தா செஞ்சா. ஒனக்கு யாருடா செஞ்சது?" என்று கேட்டது.

பதில் இல்லை. அந்த வருசம் நான் எழுதிக்கொண்டிருந்த காதல் கவிதைகளில் ஒரு பெண்கூடக் கறுப்பாக இருக்கமாட்டாள். நிலா, பால், தந்தம். நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன், வெட்கத்துக்காக.

2020இல், உலகமெங்கும் கறுப்பின மக்கள் தெருவுக்கு வந்த வருசம், 1975இல் வந்த அந்தக் களிம்பு தன் பேரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்து 'க்ளோ' என்று போட்டுக்கொண்டது. டியூப் அதே டியூப்தான். என் தங்கச்சி கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள், எல்லாம் நம்ம ஆட்கள்தான், ஜெய்பீம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். காப்பி குடித்துவிட்டு "பொண்ணு கொஞ்சம் நெறம் கம்மி" என்றார்கள். சொன்னவர் இந்தச் சபையில் இல்லை. இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

நகரத்தில் இப்போது பையன்கள் காசு கொடுத்துக் காதில் வளையம் வைத்து ஓட்டையைப் பெரிசு பண்ணிக்கொள்கிறார்கள். எங்கள் அக்கா மகன் ஒருத்தன் வைத்திருக்கிறான், முன்கையில் அம்பேத்கர் முகமும் குத்தியிருக்கிறான். அக்கா திட்டுகிறது. நான் திட்டவில்லை. வளர்ந்தவன், தானே தேர்ந்தெடுத்தான், வேண்டாமென்றால் தைத்துக்கொள்வான். ஒரு விசயம் மட்டும் அவனிடம் கேட்டேன்: அத்தை காதில் தையல் இருக்கிறதே, அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறாயா? அவனுக்குத் தெரியவே தெரியாது. அத்தை எப்போதும் முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டேதான் இருக்கும். அறுபது வருசம் ஆகிறது. போன பொங்கலுக்கு அவன் கேட்டு, அது முதல்முறையாகச் சேலையை விலக்கிக் காட்டியது. சின்னத் தழும்பு, எறும்பு வரிசை மாதிரி. அவன் தன் காது வளையத்தைக் கழற்றிக் காட்டினான். ரெண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து ஒருத்தர் காதை ஒருத்தர் மாறி மாறித் தொட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே சிரித்தது.

தலைவர் மணியைப் பார்க்கிறார். முடிக்கிறேன்.

அந்தம்மா கடனை இன்னும் திருப்பவில்லை. இடையில் ஒருநாள் வட்டி கட்ட வந்தார்கள். காதில் ஒண்ணும் இல்லை. "பத்திரமா இருக்குல்ல தம்பி?" என்றார்கள். இருக்கும்மா என்றேன். எங்கள் கிளையில் நகைப் பெட்டகத்துக்கு ரெண்டு சாவி. ரெண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். ஒன்று மேலாளரிடம் இருக்கிறது. இன்னொன்று, இந்த வருசம், என்னிடம்.